பங்கைப் பிளந்தால் பணம் பெருகுமா?

ஒரு பங்கு பத்துப் பங்காக மாறும் அதிசயமும், அதன் உள்ளே இருக்கும் கணக்கும்

2025-ம் ஆண்டு ஜூன் மாதம் 16-ந் தேதி, திங்கட்கிழமை. காலை 9.15 மணிக்குப் பங்கு மார்க்கெட் திறந்தது.

பஜாஜ் பைனான்ஸ் கம்பெனியின் பங்கு வைத்திருந்தவர்கள் செல்போனைத் திறந்து பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு பங்கின் விலை 9 ஆயிரத்து 300 ரூபாய்க்கு மேல் இருந்தது. திங்கட்கிழமை காலையில் அதே பங்கு தொள்ளாயிரத்துச் சொச்சம்!

சில செல்போன்களில் "90 சதவீதம் வீழ்ச்சி" என்று காட்டியது. விவரம் தெரியாதவர்களுக்கு அடிவயிறு கலங்கியிருக்கும். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இரண்டு நாளில் பத்தில் ஒன்றாகப் போய்விட்டதா?

போகவில்லை. கம்பெனிக்கு எந்த ஆபத்தும் நேரவில்லை. அன்று நடந்தது, ஒரு பங்கைப் பத்துப் பங்காக்கிய காரியம். இதில் ஒரு பகுதிக்கு "ஸ்ப்ளிட்" என்று பெயர். தமிழில் பங்குப் பிளவு என்று சொல்லலாம். இன்னொரு பகுதிக்குப் பெயர் "போனஸ் பங்கு".

இந்த இரண்டு வார்த்தைகளும் இப்போது டீக்கடை வரை வந்துவிட்டன. 2020-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்தியாவில் சுமார் 4 கோடி டீமேட் கணக்குகள்தான் இருந்தன. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அது 10 கோடியைத் தாண்டியது. புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் சம்பளக்காரர்கள், சிறு வியாபாரிகள், இல்லத்தரசிகள், இளைஞர்கள்.

"பங்கைப் பிரிக்கப் போகிறார்களாம், இப்போதே வாங்கினால் ஒன்றுக்குப் பத்து கிடைக்குமாம்!" என்று இவர்கள் காதில் யாராவது ஓதிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பிச் சேமிப்பைப் போடுவது சரியா? கணக்கைப் பார்த்தால் விளங்கிவிடும்.

தென்னந்தோப்புக் கணக்கு

ஒரு கிராமத்தில் ஒரு தென்னந்தோப்பு. அதில் 100 மரங்கள். பத்துப் பேர் கூட்டாக வாங்கியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பத்திரம். ஒரு பத்திரம் என்றால் 10 மரங்களுக்கு உரிமை.

ஒரு நாள் பத்துப் பேரும் கூடிப் பேசுகிறார்கள். "ஒரு பத்திரத்தைப் பத்துப் பத்திரமாக மாற்றிக்கொள்ளலாம்" என்று முடிவு செய்கிறார்கள். மறுநாள் ஒவ்வொருவர் கையிலும் பத்துப் பத்திரம். ஒரு பத்திரத்துக்கு ஒரு மரம்.

இப்போது அவர்கள் பணக்காரர்கள் ஆகிவிட்டார்களா? தோப்பில் அதே 100 மரம்தான் நிற்கிறது. காய்க்கிற தேங்காயும் அதேதான். பத்திரம் பெருகிற்று, மரம் பெருகவில்லை.

பங்குப் பிளவும் இப்படித்தான். கம்பெனி என்பது தோப்பு. பங்கு என்பது பத்திரம். லாபம் என்பது தேங்காய்.

ஒவ்வொரு பங்குக்கும் "முக மதிப்பு" என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்துப் பங்குக் காகிதத்தின் முகப்பில் அச்சடித்திருந்த தொகை அது. மார்க்கெட்டில் விற்கிற விலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முக மதிப்பு 10 ரூபாய் உள்ள பங்கு, மார்க்கெட்டில் 5 ரூபாய்க்கும் விற்கலாம். 50 ஆயிரத்துக்கும் விற்கலாம்.

ஸ்ப்ளிட் செய்யும்போது இந்த முக மதிப்பைத்தான் பிரிக்கிறார்கள். 10 ரூபாய்ப் பங்கு ஒன்று, 1 ரூபாய்ப் பங்கு பத்தாகிறது. மார்க்கெட் விலையும் அதே கணக்கில் இறங்குகிறது.

முன்பெல்லாம் இந்தியாவில் பங்கின் முக மதிப்பு 10 ரூபாய் அல்லது 100 ரூபாய் என்று இருந்தது. 1999-ம் ஆண்டில் "செபி" என்ற மார்க்கெட் கண்காணிப்பு அமைப்பு இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஒரு ரூபாய்க்குக் குறையாமல் எந்த முழு ரூபாயிலும் முக மதிப்பு வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. அதன் பிறகுதான் ஸ்ப்ளிட் என்பது அடிக்கடி காதில் விழும் செய்தியாயிற்று.

போனஸ் என்பது வேறு

போனஸ் பங்கில் முக மதிப்பு மாறாது. கம்பெனி பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த லாபத்தில் ஒரு பகுதியை மூலதனக் கணக்குக்கு மாற்றுகிறார்கள். அந்தத் தொகைக்குப் புதுப் பங்குகளை அச்சடித்தாற்போல் இருக்கிற பங்குதாரர்களுக்கே கொடுக்கிறார்கள்.

"இலவசம்" என்று சொல்கிறார்களே என்று கேட்கலாம். சேர்த்து வைத்த அந்த லாபமும் பங்குதாரர்களுடைய பணமே. அவர்களுடைய இடது பையில் இருந்ததை வலது பையில் போட்டார்கள். அவ்வளவுதான்.

பஜாஜ் பைனான்ஸ் இரண்டையும் ஒரே நாளில் செய்தது. 2 ரூபாய் முக மதிப்புள்ள பங்கு ஒன்றை, 1 ரூபாய்ப் பங்கு இரண்டாகப் பிரித்தது. பிறகு ஒவ்வொரு பங்குக்கும் 4 போனஸ் பங்கு கொடுத்தது. இரண்டு பத்தாயிற்று. விலை பத்தில் ஒன்றாயிற்று.

செல்போன் பயமுறுத்தியதற்குக் காரணம் வேறு. விலை குறைவது அன்று காலையே நடந்துவிடும். புதுப் பங்குகள் கணக்கில் வந்து சேர ஓரிரு நாள் ஆகும். இடைப்பட்ட நேரத்தில் பழைய எண்ணிக்கையைப் புது விலையால் பெருக்கிக் காட்டினால், பெரிய நஷ்டம்போல் தெரியும்.

இந்த இடைவெளியைக் குறைக்க செபி ஒரு ஏற்பாடு செய்தது. 2024-ம் ஆண்டு அக்டோபர் முதல் அறிவிக்கப்படும் போனஸ் பங்குகளை, கணக்கெடுக்கும் நாளிலிருந்து இரண்டாவது வேலை நாளிலேயே விற்க வாங்க வழி செய்தது. அந்த ஓரிரு நாளில் பதறிப் போய்ப் பங்கை விற்பதுதான் உண்மையான நஷ்டம்.

ஏன் பிரிக்கிறார்கள்?

மதிப்பு மாறாது என்றால், கம்பெனிகள் ஏன் இந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்கின்றன?

முதல் காரணம், சிறிய சேமிப்புக்காரர்கள். இந்திய மார்க்கெட்டில் அரைப் பங்கு, கால் பங்கு என்று வாங்க முடியாது. குறைந்தது ஒரு முழுப் பங்கு வாங்கவேண்டும். ஒரு பங்கின் விலை 25 ஆயிரம் என்றால், மாதம் 3 ஆயிரம் மிச்சம் பிடிக்கிற குடும்பம் பக்கத்தில் போக முடியாது.

நெஸ்லே இந்தியா கம்பெனியின் பங்கு 2024-ம் ஆண்டு தொடக்கத்தில் 27 ஆயிரம் ரூபாய்க்கு அருகில் இருந்தது. அந்த ஜனவரி மாதத்தில் ஒன்றைப் பத்தாகப் பிரித்தார்கள். விலை இரண்டாயிரத்து எழுநூறுக்கு அருகே வந்தது.

ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிளை உற்பத்தி செய்யும் ஐச்சர் மோட்டார்ஸ், 2020-ம் ஆண்டு ஆகஸ்டில் இதேபோல் ஒன்றைப் பத்தாக்கியது. 21 ஆயிரத்துக்கு மேல் இருந்த பங்கு, சுமார் 2 ஆயிரத்து 100 ரூபாய்ப் பங்காயிற்று.

இரண்டாவது காரணம், விற்கிற வசதி. ஒருவரிடம் ஒரு லட்ச ரூபாய்ப் பங்கு ஒன்றே ஒன்று இருக்கிறது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட 20 ஆயிரம் தேவை. பங்கை முழுவதும்தான் விற்கவேண்டும். அதுவே பத்துப் பங்காக இருந்தால் இரண்டை விற்றுவிட்டு, எட்டை வைத்துக்கொள்ளலாம். நூறு ரூபாய் நோட்டைச் சில்லறை மாற்றினால் செலவுக்கு வசதி. ஆனால் மாற்றியதால் அது நூற்றுப் பத்து ஆகிவிடாது.

மூன்றாவது காரணம், ஆர்வம். பங்கின் விலை சிறிய எண்ணாகத் தெரிந்தால் வாங்குகிறவர்கள் கூட்டம் கூடும். வாங்குவதும் விற்பதும் அதிகமானால், வேண்டியபோது விற்பது சுலபம்.

பிரிக்காத கம்பெனி

எல்லாக் கம்பெனிகளும் பிரிப்பதில்லை. இதற்குச் சென்னையிலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது.

எம்.ஆர்.எப். டயர் கம்பெனி, 1946-ம் ஆண்டு திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியது. மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய அந்தத் தொழில், பிறகு டயர் உற்பத்தியில் பெரிய பெயர் எடுத்தது. 2023-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி அதன் ஒரு பங்கின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் ஒரு பங்கு ஒரு லட்சத்தைத் தொட்டது அதுவே முதல் தடவை. 2024-ம் ஆண்டு ஜனவரியில் ஒன்றரை லட்சத்தையும் தொட்டது.

இந்தக் கம்பெனியின் மொத்தப் பங்குகள் சுமார் 42 லட்சத்து 41 ஆயிரம்தான். முக மதிப்பு 10 ரூபாய். எத்தனையோ கம்பெனிகள் பிரித்தபோதும் இவர்கள் அந்த 10 ரூபாய்ப் பங்கைப் பிரிக்கவில்லை. அதனால் பங்குதாரர்களுக்கு நஷ்டம் வந்ததா? பொறுமையாக வைத்திருந்தவர்களுக்குப் பங்கு தானாகவே வளர்ந்து கொடுத்தது.

மலிவு எது, விலையுயர்ந்தது எது?

"ஒன்றரை லட்ச ரூபாய்ப் பங்கு நமக்கு ஏன்? 7 ரூபாய்ப் பங்கு வாங்கினால் ஆயிரக்கணக்கில் கிடைக்குமே!" என்று நினைப்பவர்கள் ஏராளம். இந்த நினைப்பில்தான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள்.

2025-ம் ஆண்டு நடுவில் வோடபோன் ஐடியா கம்பெனியின் பங்கு விலை 7 ரூபாய்க்கு அக்கம் பக்கம் இருந்தது. அதே சமயம் எம்.ஆர்.எப். பங்கு சுமார் ஒரு லட்சத்து 40 ஆயிரம்.

7 ரூபாய்ப் பங்கு மலிவு என்று தோன்றும். ஆனால் வோடபோன் ஐடியாவின் மொத்தப் பங்குகள் 10 ஆயிரத்து 800 கோடிக்கு மேல். பெருக்கிப் பார்த்தால், முழுக் கம்பெனிக்கும் மார்க்கெட் போட்ட விலை சுமார் 75 ஆயிரம் கோடி ரூபாய். எம்.ஆர்.எப். கம்பெனி முழுவதற்கும் மார்க்கெட் போட்ட விலை சுமார் 60 ஆயிரம் கோடி ரூபாய்.

அதாவது, 7 ரூபாய்ப் பங்கின் கம்பெனிக்கு மொத்த விலை அதிகம். ஒன்றரை லட்ச ரூபாய்ப் பங்கின் கம்பெனிக்கு மொத்த விலை குறைவு. முதல் கம்பெனி 2024-25-ம் ஆண்டிலும் நஷ்டக் கணக்கே காட்டியது. இரண்டாவது கம்பெனி லாபம் காட்டியது.

பங்கின் விலைச் சீட்டை மட்டும் பார்த்து மலிவு என்று சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. தர்ப்பூசணியைப் பத்தாக நறுக்கினால் ஒரு துண்டு விலை குறைவு. நூறாக நறுக்கினால் இன்னும் குறைவு. பழம் இனிப்பா, அழுகலா என்பதைத் துண்டின் விலை சொல்லாது.

100 பங்கு, ஒரு லட்சம் பங்கான கதை

பங்குப் பிளவைப் புகழ்கிறவர்கள் ஒரு கதையை மறக்காமல் சொல்வார்கள். அது இன்போசிஸ் கம்பெனியின் கதை. கதை உண்மைதான். அதன் பொருளைத்தான் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள்.

1993-ம் ஆண்டில் இன்போசிஸ் பொது மக்களுக்குப் பங்கு விற்றது. ஒரு பங்கு 95 ரூபாய். அப்போது வாங்க ஆள் போதவில்லை. மீதிப் பங்கை ஒரு வெளிநாட்டு நிறுவனம் வாங்கிக்கொண்டது.

அன்று ஒருவர் 9 ஆயிரத்து 500 ரூபாய் கொடுத்து 100 பங்கு வாங்கியிருந்தால், பிறகு என்ன ஆகியிருக்கும்?

1994-ல் ஒன்றுக்கு ஒன்று போனஸ். 100 பங்கு 200 ஆயிற்று. 1997-ல் மறுபடியும் அப்படியே. 400 ஆயிற்று. 1999-ல் மறுபடியும். 800 ஆயிற்று. 2000-ம் ஆண்டில் 10 ரூபாய்ப் பங்கை இரண்டு 5 ரூபாய்ப் பங்காகப் பிரித்தார்கள். 1,600 ஆயிற்று.

2004-ல் ஒன்றுக்கு மூன்று போனஸ். 6,400 ஆயிற்று. 2006-ல் 12,800. 2014-ல் 25,600. 2015-ல் 51,200. 2018-ல் 1,02,400.

நூறு பங்கு ஒரு லட்சத்து 2 ஆயிரத்து 400 பங்காயிற்று! ஒரு பங்குக்கு 1,500 ரூபாய் என்று கணக்கிட்டால் 15 கோடியே 36 லட்சம் ரூபாய்.

கேட்கிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். "பார்த்தீர்களா, பங்கு பெருகியதால் பணம் பெருகிற்று!" என்கிறார்கள்.

இதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்க்கவேண்டும். இன்போசிஸ் ஒரு தடவைகூடப் போனஸ் கொடுக்கவில்லை, பிரிக்கவும் இல்லை என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அந்த மனிதரிடம் 100 பங்கு அப்படியே இருக்கும். ஒரு பங்கின் விலை 15 லட்சத்து 36 ஆயிரம் ரூபாயாக இருக்கும். நூறால் பெருக்கினால் அதே 15 கோடியே 36 லட்சம்!

அப்படியானால் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கம்பெனியின் தொழிலிலிருந்து வந்தது. 1998-99-ம் ஆண்டில் இன்போசிஸ் வருமானம் சுமார் 12 கோடி டாலர். 2003-04-ல் 100 கோடி டாலரைத் தாண்டியது. 2017-18-ல் ஆயிரம் கோடி டாலருக்கு மேல். தோப்பில் மரங்கள் பெருகின, காய்ப்பும் பெருகிற்று. பத்திரத்தைப் பிரித்தது, அந்த வளர்ச்சிக்குப் பிறகு நடந்த சடங்கு.

இன்னொன்றும் உண்டு. 2000-ம் ஆண்டுப் பங்குப் பிளவை ஒட்டி, கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்குகள் மேல் நாடு முழுவதும் மோகம் தலைக்கேறியிருந்தது. அந்த மோகத்தில் உச்ச விலைக்கு இன்போசிஸ் வாங்கியவர்கள், அடுத்த ஆண்டே விலை பாதிக்கும் கீழே இறங்கியதைப் பார்த்தார்கள். பங்கைப் பிளந்தது அந்தச் சரிவைத் தடுக்கவில்லை. பல ஆண்டு காத்திருந்தவர்களே மீண்டார்கள்.

ஒன்பது ஆண்டில் நடந்தது என்ன?

பஜாஜ் பைனான்ஸ் கணக்கும் இதையே சொல்கிறது. 2016-ம் ஆண்டு செப்டம்பரில் அந்தக் கம்பெனி இதேபோல் ஒன்றைப் பத்தாக்கியது. 10 ரூபாய்ப் பங்கு ஐந்து 2 ரூபாய்ப் பங்காகப் பிரிந்தது. ஒன்றுக்கு ஒன்று போனஸும் கிடைத்தது. அதற்கு முன் ஒரு பங்கு சுமார் 11 ஆயிரம் ரூபாய்.

அன்று ஒரே ஒரு பங்கு வைத்திருந்தவருக்கு 2016-ல் பத்துப் பங்கு. 2025 ஜூனில் நூறு பங்கு. தொள்ளாயிரத்து முப்பது ரூபாய் வீதம் 93 ஆயிரம் ரூபாய். ஒன்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் 11 ஆயிரம், 93 ஆயிரம் ஆயிற்று.

பங்கு நூறு மடங்கு பெருகியது. பணம் எட்டரை மடங்குதான் பெருகியது. அந்த எட்டரை மடங்குக்குக் காரணம் லாபம். 2015-16-ல் அந்தக் கம்பெனியின் லாபம் 1,279 கோடி ரூபாய். 2024-25-ல் 16 ஆயிரம் கோடிக்கு மேல். லாபம் வளர்ந்த வழியில் பங்கு மதிப்பும் வளர்ந்தது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் இந்தப் பழக்கம் இன்னும் பழமையானது. அங்கே பேமா, பிஷர், ஜென்சன், ரோல் என்ற நான்கு அறிஞர்கள் 1927 முதல் 1959 வரை நடந்த 940 பங்குப் பிளவுகளைத் துருவிப் பார்த்தார்கள். 1969-ல் முடிவை வெளியிட்டார்கள். இவர்களில் பேமா 2013-ம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்.

அவர்கள் கண்டது இது. பிளவு நடப்பதற்கு முன்பே அந்தப் பங்குகள் மற்றப் பங்குகளைவிட நன்றாக ஏறியிருந்தன. நடந்த பிறகு, சராசரியாகப் பார்த்தால், தனியாக ஏற்றம் எதுவும் இல்லை. பிறகு டிவிடெண்டை உயர்த்திய கம்பெனிகளின் பங்கு நிலைத்து நின்றது. உயர்த்தாத கம்பெனிகளின் பங்கு இறங்கியது.

மாறுபட்ட முடிவும் உண்டு. 1996-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, ஒன்றை இரண்டாக்கிய 1,275 பிளவுகளைப் பரிசீலித்தது. அந்தப் பங்குகள் அடுத்த ஓராண்டில் தங்களைப் போன்ற மற்றப் பங்குகளைவிடச் சுமார் 8 சதவீதம் அதிகம் கொடுத்தன என்று கண்டது.

இரண்டும் ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றும். ஆனால் காரணம் புரிந்தால் முரண்பாடு பெரிதாகத் தெரியாது. எதிர்காலத்தில் லாபம் நிற்கும் என்ற நம்பிக்கை உள்ள நிர்வாகிகளே பெரும்பாலும் பங்கைப் பிரிக்கிறார்கள். அந்த நம்பிக்கை பலித்தால் பங்கு ஏறும், பலிக்காவிட்டால் இறங்கும்.

டிவிடெண்டு சதவீதத்தில் ஒரு சூட்சுமம்

"எங்கள் கம்பெனி 500 சதவீதம் டிவிடெண்டு கொடுக்கிறது" என்று விளம்பரம் வரும். போட்ட பணம் ஐந்து மடங்காகத் திரும்பும் என்று நினைக்கவேண்டாம்.

அந்தச் சதவீதம் முக மதிப்பின் மேல் போடப்படுவது. முக மதிப்பு 1 ரூபாய் என்றால் 500 சதவீதம் வெறும் 5 ரூபாய். பங்கை 1,000 ரூபாய்க்கு வாங்கியவருக்கு, அது நூற்றுக்கு அரை ரூபாய் வருமானம்.

2023-ம் ஆண்டு பிப்ரவரியில் எம்.ஆர்.எப். ஒரு பங்குக்கு 3 ரூபாய் இடைக்கால டிவிடெண்டு அறிவித்தது. முக மதிப்பில் இது 30 சதவீதம். 90 ஆயிரத்தை ஒட்டிய விலையில் இருந்த பங்குக்கு 3 ரூபாயா என்று பலரும் கேலி செய்தார்கள். அந்த ஆண்டின் முடிவில் மேலும் 169 ரூபாய் அறிவித்தார்கள் என்பதைக் கேலி செய்தவர்களில் எத்தனை பேர் கவனித்தார்கள்?

பங்கைப் பிரித்தபின் டிவிடெண்டும் பிரியும். முன்பு ஒரு பங்குக்கு 50 ரூபாய் வந்தால், பத்தாகப் பிரித்தபின் ஒரு பங்குக்கு 5 ரூபாய் வரும். பத்துப் பங்குக்கும் சேர்த்து அதே 50 ரூபாய். குறைந்துவிட்டது என்று கலங்கவேண்டாம். கூடிவிட்டது என்று குதிக்கவும் வேண்டாம்.

வரியில் உள்ள வேற்றுமை

பங்குப் பிளவுக்கும் போனசுக்கும் பையில் இருக்கும் மதிப்பில் வேற்றுமை இல்லை. வருமான வரியில் உண்டு. இதைத் தெரியாமல் பலர் இடறுகிறார்கள்.

ஒருவர் 1,000 ரூபாய் வீதம் 100 பங்கு வாங்கியிருக்கிறார். ஒன்றை இரண்டாகப் பிரித்தார்கள். இப்போது 200 பங்கு. ஒவ்வொன்றின் அடக்க விலை 500 ரூபாய். வாங்கிய தேதி பழைய தேதியே.

பிளவுக்குப் பதிலாக ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்திருந்தால் கணக்கு வேறு. பழைய 100 பங்கின் அடக்க விலை அதே 1,000 ரூபாய். புதிய 100 பங்கின் அடக்க விலை பூஜ்யம். போனஸ் பங்கு கிடைத்த நாளே அதன் தேதி.

அந்தப் போனஸ் பங்கை 500 ரூபாய்க்கு விற்றால், 500 ரூபாயும் லாபமாகவே கணக்காகும். ஓராண்டுக்குள் விற்றால் குறுகிய கால லாபம். ஓராண்டு தாண்டினால் நீண்ட கால லாபம். 2024-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி வந்த மாற்றத்தின்படி, மார்க்கெட்டில் விற்கும் பங்குகளுக்குக் குறுகிய கால லாப வரி 20 சதவீதம். நீண்ட கால லாபத்தில் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம்.

கணக்கில் முதலில் வந்த பங்கே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். எந்தத் தேதியில் எத்தனை பங்கு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மளிகைக் கடைக் கணக்கு எழுதும் குடும்பத்துக்கு இது பெரிய பாடு அல்ல.

பெட்டிக்குள் தூங்கும் காகிதம்

தாத்தா காலத்துப் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது பழைய பங்குக் காகிதம் கிடைப்பது உண்டு. "50 பங்குதானே, முகத்தில் 10 ரூபாய் என்றுதானே போட்டிருக்கிறது, 500 ரூபாய் பெறும்" என்று தூக்கிப் போட்டுவிடக்கூடாது.

அந்தக் கம்பெனி இடையில் எத்தனை தடவை பிரித்ததோ, எத்தனை தடவை போனஸ் கொடுத்ததோ! இன்போசிஸ் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தக் காகிதத்துக்குச் சேரவேண்டிய புதுப் பங்குகள் உரியவரைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்டு வாங்காமல் விட்டால், அந்தப் பங்குகளே முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படும். மத்திய அரசு நடத்தும் நிதி அது. ஆனால் உரிமை அழிந்துவிடுவதில்லை. வாரிசுகள் தக்க சான்றுகளுடன் விண்ணப்பம் செய்து திரும்பப் பெறலாம். 2019-ம் ஆண்டு ஏப்ரல் முதல் காகிதப் பங்கைக் காகிதமாகவே மற்றவருக்கு விற்க முடியாது. டீமேட் கணக்குக்கு மாற்றிக்கொள்ளவேண்டும்.

ஏமாற்றுக்காரர் கையில் ஒரு தூண்டில்

நல்ல கம்பெனி பங்கைப் பிரிப்பது ஒரு வசதி. லாபமே இல்லாத கம்பெனி பிரிப்பது பல சமயம் தூண்டில்.

விலை ஏறிய சிறு கம்பெனி ஒன்று, பிளவும் போனசும் சேர்த்து அறிவிக்கும். வாட்ஸ்அப், டெலிகிராம் கூட்டங்களில் "நாளைக்குள் வாங்குங்கள், ஒன்றுக்கு இருபது" என்று செய்தி பறக்கும். ஆசைப்பட்டவர்கள் ஓடி வந்து வாங்குவார்கள். விலை ஏறும். முன்பே வாங்கி வைத்தவர்கள் சத்தமில்லாமல் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு விலை சரியும். கடைசியில் வந்தவர் கையில் இருபது பங்கு இருக்கும்; பணம் இருக்காது.

பணத்துக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் செபியிடம் பதிவு செய்திருக்கவேண்டும் என்பது விதி. முகம் தெரியாதவர் அனுப்பும் குறிப்புக்கு எந்தப் பதிவும் கிடையாது.

தலைகீழ்ப் பிளவும் உண்டு. பல பங்குகளைச் சேர்த்து ஒன்றாக்குவது அது. அமெரிக்காவின் சிட்டி குரூப் பாங்கி 2011-ம் ஆண்டு மே மாதத்தில் பத்துப் பங்கை ஒன்றாக்கியது. நாலரை டாலர் விலையில் கிடந்த பங்கு சுமார் 45 டாலர் ஆயிற்று. விலை பத்து மடங்கு ஏறியது என்று யாராவது மகிழ்ந்திருந்தால், கையில் உள்ள பங்கு பத்தில் ஒன்றானதை அவர் பார்க்கவில்லை என்று பொருள்.

கேட்கவேண்டிய கேள்விகள்

பங்குப் பிளவு என்ற செய்தி வந்ததும் குடும்பத்தில் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு.

கம்பெனி கடந்த ஐந்து ஆண்டுகளாக லாபம் சம்பாதித்திருக்கிறதா? அந்த லாபம் ஏறுமுகமா, இறங்குமுகமா? கடன் எவ்வளவு? கம்பெனி முழுவதற்கும் மார்க்கெட் போட்ட விலை, அதன் லாபத்துக்குத் தகுந்ததா?

இந்த நான்கு கேள்விக்கும் நல்ல பதில் கிடைத்தால், பிளவுக்கு முன் வாங்கினாலும் சரி, பின் வாங்கினாலும் சரி. பதில் சரியில்லை என்றால், ஒன்றுக்கு நூறு கொடுத்தாலும் தள்ளி நிற்பதே மேல்.

விலையுயர்ந்த பங்குகளை எட்ட முடியாதவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. மியூச்சுவல் பண்டுகளில் மாதம் 500 ரூபாய் போடுகிறவருக்கும் பெரிய கம்பெனிகளில் சிறு பகுதி கிடைக்கும். ஏற்றமும் இறக்கமும் அங்கும் உண்டு என்பதை மட்டும் மறக்கக்கூடாது. அவசரச் செலவுக்கும் கலியாணச் செலவுக்கும் வைத்த பணத்தை இரண்டிலும் போடக்கூடாது.

தோப்பு வாங்கப் போகிற விவசாயி முதலில் மரத்தை அண்ணாந்து பார்க்கிறார். கிணற்றை எட்டிப் பார்க்கிறார். மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். பத்திரம் எத்தனை தாள் என்று அவர் கேட்பதில்லை.

பங்கு வாங்குகிறவருக்கும் அந்த விவசாயியின் கண் வேண்டும்.